சி.இ.ஓ. போனார், கொண்டாடினார்கள், அப்புறம்?

இந்த வாரம் கிரிக்கெட் இல்லை, ஃபுட்பாலும் இல்லை. ரக்பி. ஸ்கிப் பட்டனுக்கு உங்க விரல் போறது இங்கிருந்தே தெரியுது. கொஞ்சம் பொறுங்க. ரக்பி எப்படி ஆடணும்னு பாடம் எடுக்கப் போறதில்லை, எனக்கே அதுல பாதி விதிகள் இன்னும் புரியாது. ஒரு நாட்டோட விளையாட்டு சங்கத்துல தலைமை மாறும்போது ரசிகர்கள் கொண்டாடுவாங்க இல்லையா, அந்தக் கொண்டாட்டத்துக்கு அப்புறம் அவங்களுக்கு என்ன ஆச்சுன்னு ஒரு கதை என்கிட்ட இருக்கு. மூணு வருஷமா மனசுல ஓடிக்கிட்டே இருக்கிற கதை.

2022 அக்டோபரில் ஆஃபீஸில் என்னை ஆன்சைட் அனுப்பினார்கள். லண்டன்தான் என்று நினைத்துச் சொந்தக்காரங்க எல்லார்கிட்டயும் சொல்லியாச்சு. கடைசியில் போனது கார்டிஃப். வேல்ஸின் தலைநகரம், லண்டனிலிருந்து ரயிலில் ரெண்டு மணி நேரம். அம்மாவிடம் "லண்டன் பக்கத்துலதான்" என்று சமாளித்துவிட்டேன்.

அங்கே ஒரு ரிட்டயர்ட் பஸ் டிரைவர் வீட்டில் மாடி அறை வாடகைக்குக் கிடைத்தது. அறுபத்தஞ்சு வயசுக்கு மேல் இருக்கும். பேர் சொல்லித்தான் கூப்பிடணும்னு அவர் கண்டிஷன். நமக்கு வாயில் வருமா? எட்டு மாசமும் பேரே சொல்லாமல் பேசிச் சமாளித்தேன். இந்த எபிசோடிலும் அவரை வீட்டுக்காரர் என்றே சொல்கிறேன். அவருடைய மகள் நர்ஸ், சனிக்கிழமை ஆனால் உள்ளூர் மகளிர் அணிக்கு ரக்பி ஆடுவார். அவர்கள் வீட்டில் சாப்பாட்டு மேஜையில் பேச்சு என்றால் அது ரக்பிதான். முதல் மாசம் நான் சும்மா தலையாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

வேல்ஸோட மொத்த மக்கள்தொகை ஏறக்குறைய 31 லட்சம். ஆனால் கார்டிஃப் நகரத்துக்கு நடுவே, ரயில்வே ஸ்டேஷனிலிருந்து அஞ்சு நிமிஷ நடையில், ஏறக்குறைய 74,000 பேர் உட்காரக்கூடிய, கூரையை மூடித் திறக்கக்கூடிய ஸ்டேடியம் இருக்கிறது. அதன் சொந்தக்காரர் வேல்ஸ் ரக்பி யூனியன். 1881-ல் நீத் என்ற ஊரில் ஒரு ஓட்டலில் 11 கிளப்கள் சேர்ந்து தொடங்கிய சங்கம். தேசிய அணி, மகளிர் அணி, நான்கு தொழில்முறை அணிகளுக்குப் போகும் நிதி, சின்னச் சின்ன ஊர்களின் கிளப்கள், எல்லாமே அந்த ஒரே சங்கத்தின் கையில். நம்ம பாஷையில் சொன்னால் மொத்த சிஸ்டமும் ஒரே சர்வரில் ஓடுது.

நான் போய் இறங்கியபோது அணி பரிதாபமான நிலையில் இருந்தது. நவம்பரில் ஜார்ஜியாவிடம் சொந்த மைதானத்திலேயே 12-13 என்று தோற்றது. டிசம்பர் தொடக்கத்தில் கோச் வெய்ன் பிவாக்கை நீக்கிவிட்டு, வாரன் கேட்லண்டைத் திரும்பக் கூட்டி வந்தார்கள். கேட்லண்ட் என்றால் அங்கே சாமி மாதிரி. 2008, 2012, 2019 என்று மூன்று கிராண்ட் ஸ்லாம் வாங்கிக் கொடுத்தவர். அன்றைக்கு வீட்டுக்காரர் ஒரு பாட்டிலைத் திறந்தார். எனக்கும் ஊற்றினார், நான் ஜூஸ் எடுத்துக்கொண்டேன். (அம்மா இந்த எபிசோடைக் கேக்கறாங்க, அதனால ஜூஸ்தான்.)

ஏழு வாரத்தில் வெடித்தது அடுத்தது. 2023 ஜனவரி 23 அன்று பிபிசி வேல்ஸ் ஒரு புலனாய்வு ஆவணப்படத்தை ஒளிபரப்பியது. யூனியனுக்குள் பெண்கள் எப்படி நடத்தப்பட்டார்கள் என்பது பற்றி. மகளிர் ரக்பிக்கு மேனேஜராக இருந்தவரே கேமரா முன்னால் வந்து பேசினார். சகஊழியர் ஒருவர் மற்றவர்கள் முன்னிலையில் தன்னைப் பற்றிப் பேசியதாக அவர் சொன்னதை நான் இங்கே திரும்பச் சொல்லப் போவதில்லை. அந்த மேஜையில் நாங்கள் மூன்று பேர் உட்கார்ந்து பார்த்தோம். மகள் பாதியில் எழுந்து போய்ப் பாத்திரம் கழுவ ஆரம்பித்துவிட்டார். கழுவ வேண்டிய பாத்திரம் எதுவும் இல்லை. கழுவினதையே திரும்பக் கழுவிக்கொண்டிருந்தார்.

அதில் இன்னொரு விஷயமும் வெளியே வந்தது. அவிவா என்ற பெரிய இன்ஷூரன்ஸ் கம்பெனியின் தலைவர் அமாண்டா பிளாங்க் அதுக்கு முன்னாடி யூனியனில் பொறுப்பு வகித்தவர். 2021-ல் விலகும்போதே, பெண்கள் விஷயத்தில் இது ஒருநாள் பெரிசா வெடிக்கும் என்று உள்ளுக்குள் எச்சரித்துவிட்டுத்தான் போயிருக்கிறார். அதாவது அலர்ட் வந்திருக்கு, யாரோ மியூட் பண்ணி வெச்சிருக்காங்க.

சி.இ.ஓ. ஸ்டீவ் ஃபிலிப்ஸ் முதலில் பதவியில் தொடரத்தான் பார்த்தார். ஆனால் ஸ்பான்சர்கள், அரசியல்வாதிகள், தொழில்முறை அணிகள் என்று எல்லாப் பக்கமும் நெருக்கியது. ஆறாவது நாள், ஜனவரி 29, ஞாயிற்றுக்கிழமை, ராஜினாமா செய்தார். நைஜல் வாக்கர் தற்காலிகப் பொறுப்புக்கு வந்தார். ஒரு காலத்தில் வேல்ஸுக்காக ரக்பி ஆடியவர், அதுக்கும் முன்னாடி ஒலிம்பிக்ஸில் தடை ஓட்டம் ஓடியவர்.

அந்த ஞாயிறு எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. ட்விட்டரில் ரசிகர்கள் கொண்டாட்டம். "ஒழிஞ்சது" என்ற ரேஞ்சில் நூற்றுக்கணக்கான பதிவுகள். நானும் ரொம்ப உற்சாகமாகக் கீழே போய் வீட்டுக்காரரிடம் சொன்னேன், ஏதோ நானே ஜெயித்த மாதிரி. அவர் ரேடியோவில் ஏற்கெனவே கேட்டிருந்தார். "அவரை வேலைக்கு வெச்சது யாரு?" என்று மட்டும் கேட்டார். எனக்குத் தெரியவில்லை. "அவங்க எல்லாரும் இன்னும் அங்கேதான் இருக்காங்க" என்று சொல்லிவிட்டு டீ போடப் போய்விட்டார்.

எனக்குக் கொஞ்சம் எரிச்சல். என்னய்யா மனுஷன், நல்ல செய்தி வந்தாலும் இப்படிப் பேசறாரே என்று. மகளோ அதுக்கு நேர் எதிர். அவருக்கு அந்த ராஜினாமா உண்மையிலேயே பெரிய விஷயம். யாரோ ஒருத்தர் பதில் சொல்ல வேண்டி வந்தது, அதுவே இங்கே முதல் தடவை என்றார். அன்றைக்கு ராத்திரி அப்பாவும் மகளும் பேசிக்கொள்ளவில்லை.

ரெண்டு பேரும் சொன்னது சரிதான்னு எனக்குப் புரிய ரொம்ப நாள் ஆச்சு.

வீட்டுக்காரர் கேட்ட கேள்வியை நான் அப்புறம் தேடிப் படித்தேன். யூனியனில் ஓட்டு யாருக்கு? டிக்கெட் வாங்கும் ரசிகருக்கு இல்லை. உறுப்பினர் கிளப்களுக்குத்தான். போர்டில் பெரும்பாலான நாற்காலிகளும் அந்த கிளப்கள் தேர்ந்தெடுத்த ஆட்களுக்கு. சட்ட விதிகளை மாற்றணும்னா 75% ஓட்டு வேண்டும். 2022 அக்டோபரில், நான் பெட்டியைப் பிரித்து அடுக்கிக்கொண்டிருந்த அதே மாசம், தலைவர் பதவிக்கு வெளியிலிருந்து ஒருவரைக் கொண்டுவரலாம் என்று ஒரு தீர்மானம் வந்தது. மூன்றில் இரண்டு பங்கு ஓட்டு கிடைத்தது. போதவில்லை, தோற்றது. அதைப் பற்றி எந்த ரசிகரும் ட்வீட் போட்டுக் குதித்ததாக எனக்குத் தெரியாது. யாருக்கு சார் சட்ட விதியைப் படிக்க நேரம் இருக்கு? புரொடக்‌ஷன் விழுந்தா மேனேஜரைத்தான் திட்டுவோம், கான்ஃபிக் ஃபைலை யாரும் திறந்து பார்க்கறதில்லை.

ராஜினாமாவுக்கு மூன்றே நாள் கழித்து யூனியனிலிருந்து ஒரு அறிவிப்பு வந்தது. மேட்சுக்கு முன்னால் பாடும் பாடகர் குழுக்கள் இனிமேல் 'டிலைலா' பாடக்கூடாது. டாம் ஜோன்ஸ் 1968-ல் பாடிய பாட்டு, வேல்ஸ் ரசிகர்களுக்கு அது இன்னொரு தேசிய கீதம் மாதிரி. ஆனால் கதை என்னவென்றால், தன்னை ஏமாற்றிய பெண்ணை ஒருவன் கொன்றுவிடுகிறான். பாட்டை எடுத்தது தப்பு என்று நான் சொல்லவில்லை. 2015-லேயே இடைவேளைப் பாட்டு வரிசையிலிருந்து எடுத்துவிட்டார்கள். ஆனால் அந்த வாரம்! தேசிய அணி வீரர் லூயிஸ் ரீஸ்-ஸாமிட்டே, செய்ய வேண்டியது எவ்வளவோ இருக்க முதல்ல இதையா செஞ்சாங்க என்ற தொனியில் ட்வீட் போட்டார். நர்ஸ் அக்காவும் இதையேதான் சொன்னார். "எனக்கு டிரெஸ்ஸிங் ரூம்ல சுடுதண்ணி வரலை, இவங்க பாட்டை நிறுத்தறாங்க."

அந்த சனிக்கிழமை, பிப்ரவரி 4, அயர்லாந்து மேட்ச். டிக்கெட் எல்லாம் நம்ம பட்ஜெட்டில் இல்லை. மேட்சுக்கு முன்னாடி வெஸ்ட்கேட் தெருவில் சும்மா நடந்து பார்க்கப் போனேன். டாஃபடில் பூ மாதிரி தொப்பி போட்ட தாத்தாக்கள், சிவப்பு ஜெர்ஸியில் கைக்குழந்தைகள், எல்லா பப் வாசலிலும் பாட்டு. கோபமான ரசிகர்களைப் பார்க்கலாம்னு போனவனுக்கு ஏமாற்றம். யாரும் கோபமா இல்லை, அன்றைக்கு. வேல்ஸ் 10-34 தோற்றது. அடுத்த வாரம் ஸ்காட்லாந்திடம் 7-35. அதுக்கப்புறம் வீரர்களே ஸ்டிரைக் செய்வோம் என்று எச்சரித்தார்கள். அணிகளுக்கான நிதி ஒப்பந்தம் முடிவாகாமல் இழுத்துக்கொண்டே போனதில் பல வீரர்களுக்கு அடுத்த சீசனுக்கு வேலை இருக்கிறதா என்றே தெரியாது. வீட்டுக் கடன் கட்டுகிறவனுக்கு அது எப்படி இருக்கும்? பிப்ரவரி 25 இங்கிலாந்து மேட்ச் நடக்குமா நடக்காதா என்ற நிலை வந்து, மூன்று நாளைக்கு முன்னால் சமரசம் ஆனது. வெளிநாட்டு கிளப்புக்குப் போனாலும் நாட்டுக்கு ஆடலாம் என்பதற்கு 60 மேட்ச் ஆடியிருக்க வேண்டும் என்ற விதி 25 ஆகக் குறைந்தது. மேட்ச் நடந்தது, 10-20 தோல்வி. அது தனிக்கதை.

நான் சொல்ல வந்தது மார்ச் 26. போர்ட் டால்பட் என்ற ஊரில் சிறப்புப் பொதுக்குழு. போர்டில் கிளப் பிரதிநிதிகளின் இடங்கள் குறைந்து, சுதந்திர உறுப்பினர்கள் அதிகமாக வேண்டும், 12 பேரில் குறைந்தது 5 பெண்கள் என்பது இலக்கு, தலைவரை வெளியிலிருந்து கொண்டுவரலாம். அதே கிளப்கள், அஞ்சு மாசம் முன்னாடி முடியாது என்றவர்கள். இந்த முறை ஆதரவு 97 சதவீதத்துக்கும் மேல்.

என்னைக் கேட்டால், மகள் சொன்னது சரி என்பதற்கு இதுதான் ஆதாரம். ஒரு பெண் பேசினார், ஒருவர் பதவி போனது, அந்த அதிர்ச்சி இல்லாமல் அந்த 97 வந்திருக்காது. அவர் பாத்திரம் கழுவிய ராத்திரியிலிருந்து ஏறக்குறைய ரெண்டு மாசம்.

ஜூனில் நான் ஊருக்குத் திரும்பிவிட்டேன். ஜூலையில் ரிச்சர்ட் காலியர்-கீவுட் வெளியிலிருந்து வந்த தலைவராகப் பொறுப்பேற்றார். ஆகஸ்ட்டில் புது சி.இ.ஓ.வாக அபி டியர்னி அறிவிக்கப்பட்டார், 2024 ஜனவரியில் வேலையில் சேர்ந்தார். அந்தப் பதவிக்கு முழுநேரமாக வந்த முதல் பெண். அதுக்கு முன்னாடி பிரிட்டன் உள்துறையில் பாஸ்போர்ட், விசா பிரிவுகளைக் கவனித்தவர். நம்மில் அந்த வருஷங்களில் யூகே விசாவுக்குக் காத்திருந்தவங்க எல்லாருமே ஒருவகையில் அவங்க கஸ்டமர்ஸ்தான். நடுவில், ஓய்வுபெற்ற நீதிபதி ஆன் ராஃபர்ட்டி தலைமையிலான விசாரணைக் குழுவின் அறிக்கை வந்தது. உள்ளே பழிவாங்கும் குணம்கூட இருந்தது என்றது. 36 பரிந்துரைகள். யூனியன் மன்னிப்புக் கேட்டு எல்லாவற்றையும் ஏற்றுக்கொண்டது. வீட்டுக்காரரிடமிருந்து வாட்ஸ்அப்பில் ஒரு கட்டைவிரல் வந்தது. அவரிடம் அது பெரிய பாராட்டு.

அப்புறம் என்ன ஆச்சு? மைதானத்தில் 2024 முழுக்க ஒரு டெஸ்ட் மேட்ச்கூட ஜெயிக்கவில்லை. 2025 பிப்ரவரியில், தொடர்ச்சியா 14 தோல்விக்கு அப்புறம், சாமி மாதிரி வந்த கேட்லண்ட் சீசன் நடுவிலேயே கிளம்பினார். அந்தப் பாட்டிலைத் திறந்த கையோடவே ரசிகர்கள் வழியனுப்பி வைத்தார்கள். மார்ச்சில் இங்கிலாந்து அதே கார்டிஃபில் 68-14 என்று அடித்தது. தோல்வி வரிசை 18 வரை போய், ஜூலையில் ஜப்பானில்தான் நின்றது.

மைதானத்துத் தோல்வியை ரசிகன் தாங்குவான், அவன் அதுக்குப் பழகினவன். 2024 கடைசியில் வந்த இன்னொரு செய்திதான் கஷ்டமாக இருந்தது. தேசிய மகளிர் அணியின் ஒப்பந்தப் பேச்சுவார்த்தையை யூனியன் நடத்திய விதத்துக்காகத் தலைவர் வீராங்கனைகளிடம் மன்னிப்புக் கேட்க வேண்டி வந்தது. புது போர்டு, புது சி.இ.ஓ., 36 பரிந்துரைகள், எல்லாத்துக்கும் அப்புறமும் மகளிர் அணி விஷயத்திலேயே. நான் நர்ஸ் அக்காவுக்கு மெசேஜ் போட்டேன். ரெண்டு நாள் பதில் இல்லை. அப்புறம், "சனிக்கிழமை ஜெயிச்சோம்" என்று மட்டும்.

இப்ப 2025 ஆகஸ்ட்டுக்கு வாங்க. வேல்ஸில் தொழில்முறை அணிகள் நான்கு: கார்டிஃப், ஓஸ்ப்ரீஸ், ஸ்கார்லெட்ஸ், டிராகன்ஸ். அதை இரண்டாகக் குறைப்பதுதான் சிறந்த வழி என்று யூனியன் ஒரு திட்டத்தை முன்வைத்தது. எதிர்ப்பு கிளம்பி, கலந்தாலோசனை எல்லாம் நடந்து, அக்டோபரில் முடிவு வந்தது: மூன்று. தலைநகருக்கு ஒன்று, கிழக்கே ஒன்று, மேற்கே ஒன்று. மேற்கே இருப்பது ஓஸ்ப்ரீஸும் ஸ்கார்லெட்ஸும். அதாவது ரெண்டில் ஒன்று போகணும். ஓஸ்ப்ரீஸ் நாலு தடவை லீக் பட்டம் வாங்கிய அணி, வேல்ஸில் வேறு யாரும் அத்தனை வாங்கவில்லை. ஸ்கார்லெட்ஸ் லனெத்லி ஊரின் நூறு வருஷத்துக்கும் மேலான ரக்பி மரபைச் சுமப்பது. எதை வெட்டுவீங்க?

யூனியன் சொல்லும் கணக்கு முட்டாள்தனம் இல்லை, அதையும் சொல்லிடறேன். 2024-25 சீசனில் ஒரு அணி வீரர்களுக்குச் செலவு செய்யக்கூடிய உச்சவரம்பே 45 லட்சம் பவுண்ட்தான், அதுக்கு முந்தைய வருஷத்தைவிடக் குறைவு. கார்டிஃப் அணி 2025 ஏப்ரலில் திவால் நடவடிக்கைக்குப் போய், யூனியனே அதை வாங்கிக் காப்பாற்ற வேண்டி வந்தது. பக்கத்தில் ஸ்காட்லாந்து இரண்டே அணிகளோடுதான் ஓட்டுகிறது, அதில் கிளாஸ்கோ 2024-ல் லீக் கோப்பையை ஜெயித்தது. நாலு அணிக்குப் பட்டினிச் சாப்பாடு போடுவதைவிட மூணு அணிக்கு வயிறார என்பது ஒரு நியாயம்தான்.

ஆனால் மக்களே, இங்கதான் என்னைத் தூங்கவிடாத விஷயம் இருக்கு. 2023-ல் ரசிகர்கள் என்ன கேட்டாங்க? கிளப் அரசியலுக்குப் பயப்படாத, சுதந்திரமான, தொழில்முறை போர்டு வேணும்னு கேட்டாங்க. கிடைச்சது. பழைய போர்டாக இருந்திருந்தால் ஒரு அணியை மூடும் முடிவை எடுக்கத் துணிந்திருக்காது, அங்கே இருந்தவர்கள் ஓட்டுக்காக அடுத்த சனிக்கிழமை அதே ஊர் கிளப்புக்குப் போய் நிக்கணும். புது போர்டுக்கு அந்தப் பயம் குறைவு. ரசிகர்கள் கொண்டாடி வரவேற்ற அந்தச் சுதந்திரம்தான் இப்ப அவங்க அணியோட கழுத்தில் கை வைக்குது. ரசிகருக்கு அப்பவும் ஓட்டு இல்லை, இப்பவும் இல்லை.

பழைய போர்டே இருந்திருக்கலாம்னு சொல்றியான்னு கேட்டா, இல்லை. ஒரு நாளும் இல்லை. அந்த மேஜையில் நான் உட்கார்ந்திருந்தேன். ஆனால் அன்றைக்குக் கீழே ஓடிப்போய், ஜெயிச்சுட்டோம்னு சொன்னேனே, அந்த 'ஓம்'-ல யார் யார் இருந்தாங்கன்னு இப்ப யோசிக்கிறேன்.

வீட்டுக்காரர் ஏன் அப்படிக் கசந்துபோய் இருந்தார் என்பதை நான் கிளம்புவதற்கு முந்தைய ராத்திரிதான் சொன்னார். அவர் பாண்டிப்ரீத் ஊர்க்காரர். 2003-ல் யூனியன் கிளப்களை ஒன்றுசேர்த்துப் பிராந்திய அணிகளை உருவாக்கியபோது முதலில் அஞ்சு அணிகள் இருந்தன. பாண்டிப்ரீத்தும் பிரிட்ஜெண்டும் சேர்ந்த அணியின் பேர் செல்டிக் வாரியர்ஸ். அந்த சீசனில் ஐரோப்பியக் கோப்பையில் வாஸ்ப்ஸ் அணியை அதன் சொந்த மைதானத்திலேயே தோற்கடித்தார்கள். அந்த வருஷம் கடைசியில் கோப்பையை எடுத்ததே வாஸ்ப்ஸ்தான். அப்படி ஆடிய வாரியர்ஸை ஒரே சீசனோடு, 2004 கோடையில், யூனியன் கலைத்துவிட்டது. பணம் இல்லை என்பதுதான் காரணம். பாண்டிப்ரீத் வட்டாரம் இனிமேல் கார்டிஃப் அணிக்கு என்றார்கள். கார்டிஃப் மைதானத்திலிருந்து இருபது நிமிஷ நடையில் வீடு. அன்றைக்கிலிருந்து அவர் ஒரு மேட்ச்சுக்கும் டிக்கெட் வாங்கவில்லை. தேசிய அணி மட்டும்தான், அதுவும் டிவியில். யூனியனில் அதுக்கப்புறம் எத்தனை சி.இ.ஓ. வந்தாங்க, போனாங்க, அவருக்கு எண்ணிக்கை தெரியும்.

இந்த எபிசோடைப் பதிவு செய்யறது 2025 டிசம்பரில். மேற்கே எந்த அணி போகும் என்பது இன்னும் முடிவாகவில்லை. ஓஸ்ப்ரீஸ் தங்கள் புது மைதானம் தயாராகும்வரை இந்த சீசன் தற்காலிகமாக ஆடுவது பிரிட்ஜெண்டில், புரூவரி ஃபீல்ட் மைதானத்தில். வாரியர்ஸ் ஆடிய அதே மைதானம்.

போன மாசம் வீட்டுக்காரர் ஒரு போட்டோ அனுப்பினார். மழை, சின்ன கேலரி, பிளாஸ்டிக் கப்பில் டீ. பக்கத்தில் மகள், ஓஸ்ப்ரீஸ் தொப்பியில். அவர் கழுத்தில் ஒரு பழைய மஃப்ளர், வாரியர்ஸோடது, 21 வருஷம் அலமாரியில் இருந்ததாம். ஸ்கோர் என்னன்னு கேட்டேன். அதுக்கு அவர், "டிக்கெட்டுக்குக் காசு கொடுத்தேன்" என்று பதில் போட்டிருந்தார்.

சரி மக்களே, அடுத்த வாரம் கிரிக்கெட்டுக்குத் திரும்பிடுவோம். உங்க ஊர் அணி ஏதாவது இப்படிக் காணாமப் போயிருந்தா எனக்கு வாய்ஸ் நோட் அனுப்புங்க, படிக்கறதைவிடக் கேக்கத்தான் பிடிக்கும். பார்க்கலாம்.